நம்பர் சொல்லிப் பூட்டுதல்

பன்னிரண்டாவது துப்பாக்கி போல்ட்டையும் மண்ணெண்ணெய்த் தட்டில் முக்கியெடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் கைப்பிடியின் பின்புறத்தைத் தேய்த்தார் பொன்னுலிங்கம். துரு குழம்பாகி விரலிடுக்கில் இறங்கியது. முதலில் ஒரு வளைவு தெரிந்தது. மூன்றாக இருக்கலாம், எட்டின் பாதியாகவும் இருக்கலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். 3358. இல்லை. இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் எதுவோ தளர்ந்து உட்கார்ந்தது. தேடுகிற மனிதனுக்குக் கிடைக்காதபோது இப்படியா ஆகும் என்று நினைத்துக்கொண்டே அதைத் துடைத்து, சாக்கின்மேல் மற்ற பதினொன்றுக்கும் பக்கத்தில் வைத்தார். வரிசை கோணியிருந்தது. நேராக்கினார். இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. மூலையில் கிடக்கும் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ‘கழித்தவை’ என்று எழுதியிருப்பது அவருடைய கையெழுத்துதான். ‘ழி’யின் சுழியை இப்போதும் பெரிதாகத்தான் போடுகிறார். காலை பத்து மணிக்கு வந்ததும் நேராக அதைத் திறந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் திறந்தாயிற்று. பேண்டு வாத்தியங்கள் இருந்த அலமாரியைக்கூடத் திறந்து பார்த்தாயிற்று. ஓட்டை விழுந்த ஒரு டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினார். டிரம்முக்குள் போல்ட்டை யார் போடப்போகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் மகுடேஸ்வரி, “எங்கெங்கயோ தேடறீங்களேய்யா, எலி இருக்கப்போகுது, பாத்துங்க” என்று சிரித்தாள்.

மேசைமேல் பச்சைத் துணியில் அந்த ரைபிள் கிடந்தது. பழைய த்ரீ நாட் த்ரீ. மரக்கட்டை தொடங்குகிற இடத்து இரும்பில் ஒரு கிரீடமும் 1917 என்ற ஆண்டும். எந்தத் தேசத்துச் சேற்றிலோ கிடந்து, ஒரு யுத்தம் முடிந்து, இன்னொன்றும் முடிந்து, ஆயுதப்படைக்கு வந்து சேர்ந்தது. பழைய கிடங்கைக் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இது இருக்கவேண்டும், எல்லாப் பாகமும் இதனுடையதாகவே இருக்கவேண்டும் என்று மேலே உத்தரவு. “செங்கோடன் அய்யாதான் சொன்னாருங்க, ஆர்மரர் அண்ணனைக் கூப்பிடுங்க, அவருக்குத்தான் இதோட வம்சமே தெரியும்னு” என்று போனில் அவள் சொன்னபோது, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற இவர் அடுப்பில் ஒரு டம்ளர் பால் வைத்திருந்தார். சரிம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. இரண்டு நாளில் ஏறக்குறைய எல்லாம் அகப்பட்டுவிட்டன. முனைக் கவசம், குறி பார்க்கிற தகடு, கட்டையின் அடியில் பதிக்கிற பித்தளை வில்லை, மேகசின். ஒவ்வொன்றிலும் 7413 என்ற நம்பரோ, அதைச் செய்தவன் போட்ட சின்னக் குறியோ இருந்தது. ஒவ்வொன்று அமர்ந்தபோதும் பழைய சந்தோஷம் வந்தது. கை அதை மறக்கவில்லை. மிச்சம் போல்ட் ஒன்றுதான். தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னால் அடைத்துப் பூட்டுகிற இரும்புத் தண்டு. அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். இப்போது அதில் செருகியிருக்கும் போல்ட் இதனுடையதல்ல. அதன் கைப்பிடியின் பின்புறத்தில் நம்பரே இல்லை. அரத்தால் தேய்த்த ஒரு சின்னச் சதுரம், கறுத்துத் துருவேறி, இருபத்தைந்து பைசா அளவுகூட இல்லாமல். மகுடேஸ்வரி அதைத் தடவிப் பார்த்து, “தேஞ்சுபோச்சுங்களா?” என்று கேட்டாள். “தேஞ்சுபோச்சும்மா” என்றார். தேய்ந்துதான் போனது. இருபது இழுப்பு. இழுத்தது யாரென்று அவள் கேட்கவில்லை.

வெளியே மைதானத்தில் பயிற்சிக்காரர்களுக்கு யாரோ அபவுட் டர்ன் சொன்னார்கள். ஒரு கால் மட்டும் எல்லோருக்கும் பிந்தி விழுந்தது. மணி ஒன்றரை. மூன்று மணிக்குச் செங்கோடன் வருகிறான். அவனுக்காகத்தான் இவ்வளவு நிதானமா, அல்லது அவன் வருவதற்குள் எதுவும் கிடைத்துவிடக்கூடாது என்பதற்காகவா. பொன்னுலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் கிடந்த அட்டையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வைக்கவேண்டிய குறிப்பு, மகுடேஸ்வரி பழைய கோப்பைப் பார்த்துக் கையால் எழுதியது, அச்சுக்குப் போகவேண்டும். நல்ல கையெழுத்து. ‘1984-ஆம் ஆண்டு சுடுபயிற்சியின்போது, பயன்படுத்தியவரின் கவனக்குறைவால் போல்ட் முழுமையாக அடைக்கப்படாமல் நேர்ந்த விபத்துக்குப் பின், இந்தத் துப்பாக்கி பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.’ பயன்படுத்தியவர் என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. இந்த ஊரில் பெயர் வேண்டுமா என்ன. செங்கோடனிடமே கேட்டுவிட்டாளாம். “எழுதிக்குங்க கண்ணு, உண்மைதானுங்களே அது” என்றானாம். சிரித்துக்கொண்டே சொன்னாருங்கய்யா என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பான். வலது கண் போன மூன்றாம் மாதமே, “குறி பாக்கறப்ப ஊரே இடது கண்ணை மூடுதுங்ணா, நமக்கு வலது பக்கம் கவர்மெண்டே மூடி குடுத்துருச்சு” என்று சொல்லி, அவனை மாற்றிப் போட்ட தபால் பிரிவு முழுவதையும் சிரிக்க வைத்தவன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வெளியே போய்க் குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அந்தக் குழாய் இப்போதும் சொட்டுகிறதா, பார்க்கவேண்டும். பார்த்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பெட்டி. எழுந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி மடங்க மறுத்தது. கொக்கியில் கை வைத்ததும் அந்த நாளின் சாக்கு கண்முன் வந்தது. துப்பாக்கிகளைச் சுத்தம் செய்கிற நாளில் போல்ட்டுகளை எல்லாம் உருவி மண்ணெண்ணெயில் போட்டு, துடைத்து, ரேக்கில் துப்பாக்கிகள் நிற்கிற வரிசையிலேயே சாக்கில் பரப்புவார்கள். திரும்பப் பூட்டும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவன் துப்பாக்கியைக் கையில் எடுத்து அதன் நம்பரை உரக்கச் சொல்வான். மற்றவன் சாக்கிலிருந்து போல்ட்டை எடுத்து, அதிலிருக்கிற நம்பரைப் பார்த்து, பதிலுக்கு உரக்கச் சொல்வான். இரண்டு குரலும் ஒன்றானால்தான் உள்ளே போகும். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் துப்பாக்கிக்கென்று தேய்த்து அமர்த்தியது. இன்னொன்றில் போட்டாலும் போகும், அடையும், டக்கென்று சத்தம்கூட வரும். உள்ளே மயிரிழை இடைவெளி நிற்பது கைக்குத் தெரியாது, சுடும்போது அதன் வழியே நெருப்பு சுடுகிறவன் முகத்துக்குத் திரும்பும். நம்பர் சொல்லிப் பூட்டு, நம்பர் சொல்லிப் பூட்டு என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே ஓதியிருக்கிறார். ஏட்டு மாசிலாமணிதான் எப்போதும் எதிர்க்குரல். கோயில் மணி மாதிரிக் குரல். அன்றைக்கு மாசிலாமணி தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேஞ்சில் சுடுபயிற்சி. நாற்பது துப்பாக்கி. பொன்னுலிங்கம் தனியாகச் சொன்னார், தனியாகப் பதிலும் சொன்னார். எழுபத்து நான்கு பதின்மூன்று, என்றார். எழுபத்து நான்கு பதின்மூன்று, என்று தானே திரும்பச் சொன்னார். முதல் பத்துக்குப் பார்த்துத்தான் சொன்னார், அது சத்தியம். பிறகு எப்போது வாய் மட்டும் சொல்ல ஆரம்பித்தது? தட்டிலிருந்து உருண்ட இரண்டு போல்ட்டுகளை எடுத்து அவர் சாக்கில் திரும்ப வைத்தது அதற்கு முன்பா, பின்பா? இத்தனை வருஷமாக அந்த இடத்துக்கு வந்ததும் நினைவு தடுக்குகிறது. உருண்டது தெரிகிறது, குனிந்தது தெரிகிறது, வைத்த கை தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாசனை மட்டும் தெரிகிறது. ஆளில்லாத கிடங்கில் தன் குரல் கேட்பதும், அதே குரல் பதில் சொல்வதும் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. மனைவி தெய்வானையிடம்கூடச் சொல்லவில்லை. “தூக்கத்துல என்னமோ நம்பரா சொல்றீங்களே, லாட்டரியா?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது தூக்கத்தில் சொல்கிறாரா இல்லையா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

கொக்கி விட்டுக்கொடுத்தது. மூடிக்கு உள்பக்கம் பல்லி முட்டைகளின் ஓடுகள். மேலே வார்களும் பெல்ட் கொக்கிகளும். அவற்றைத் தள்ளியபோது செல்போன் அதிர்ந்தது, எண்ணெய்க் கையோடு எடுத்தார். “ஏனுங்ணா, சாப்பிட்டீங்களா?” செங்கோடன். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார். “நான் ரெண்டரைக்கே கிளம்பிடறனுங்க. ஊட்டுல முறுக்குச் சுட்டுக் குடுத்திருக்கா, உங்களுக்குன்னு தனியா. கேஸ் மூடியாச்சான்னு ஒருக்காப் பாத்துப்போட்டு வந்தர்றேன்.” பின்னால் அவன் மனைவியின் குரல் கேட்டது, “மூணு தடவை பாத்தாச்சுங்க, இன்னும் என்ன பாக்கறீங்க, அடுப்பே வெறுத்துப்போகும்.” “பாருங்ணா, இவ கிண்டலை. நம்ம கை எப்பேர்ப்பட்ட கைன்னு அவளுக்கென்ன தெரியும்.” சிரித்தான். பொன்னுலிங்கமும் ம் ம் என்றார். “போல்ட் கெடச்சுதுங்களா?” “தேடிட்டிருக்கேன்.” “கெடைக்கும்ங்ணா. உங்க கையில அகப்படாம எங்க போகும்.” வைத்துவிட்டான். நம்ம கை. அந்தக் கை எப்படிப்பட்டது என்று அவனுக்குச் சொன்னவர்கள் விசாரணைக்கு வந்தவர்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு கையெழுத்திட்டான். அதற்கப்புறம் அவன் பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கியதில்லை. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள், அவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “நான் வேண்டாம் கண்ணு, நான் நழுவ உட்ருவேன்.” அப்போது பொன்னுலிங்கம் அங்கேதான் நின்றார், ஆரஞ்சுப் பையோடு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வராந்தாவில் ஃபினாயில் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம்.

அடியில் கை போயிற்று. இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. பார்க்காமலே தெரிந்தது, பழைய கோணித் துணியில் சுற்றி, நூலால் இரண்டு முடிச்சு. யாரும் தேடாத இடத்தில், தன் கையாலேயே வைத்தது. ரேஞ்சில் அன்றைக்கு வெடித்த சத்தம் மற்றச் சத்தங்களைப் போல இல்லை, ஈரமான சத்தம். செங்கோடனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறுகிக் கிடந்த போல்ட்டை இவர் மரச்சுத்தியால் தட்டித் திறந்தார். கைப்பிடியின் பின்புறம் பார்த்தார். 2096. துப்பாக்கி 7413. அந்த நிமிஷம் ஜீப் கிளம்பிற்று. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தி என்ன செய்திருப்பார், கண் திரும்புமா. மத்தியானம் கிடங்குக்கு வந்து கதவைச் சாத்தி, 2096-இன் நம்பரை அரத்தால் இழுத்தார். 2096-ஆம் நம்பர் துப்பாக்கிக்குள் மாறி மாட்டியிருந்த 7413-ஐ உருவித் துணியில் சுற்றிக் கழித்தவற்றோடு போட்டு, அதற்கு வேறு போல்ட் பொருத்தினார். அத்தனையும் அரை மணி நேரத்தில். விசாரணைக்கு வந்த அதிகாரி துப்பாக்கியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. “பூட்டும்போது நம்பர் பார்த்துப் பூட்டினீரா?” “பார்த்தேன் அய்யா.” அவ்வளவுதான் கேள்வி. தேய்த்திருக்கவே வேண்டாம். தேய்க்காமல் இருந்திருந்தால், யாராவது ஒருநாள் ஒரு துணியால் துடைத்துப் பார்த்திருப்பார்கள், தன்னால் தெரிந்திருக்கும், அவர் வாயைத் திறக்காமலே. முடிச்சை அவிழ்க்க நகம் போதவில்லை, பல்லால் கடித்தார். கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. பிரஷ்ஷால் தேய்க்கவேண்டியதே இல்லை, நேற்று வைத்ததுபோல் நம்பர் பளிச்சென்று இருந்தது. இதை எடுத்து மேசையில் வைத்தால் வேலை முடிந்தது. துப்பாக்கி தலைமுதல் அடிவரை ஒரே நம்பராகிவிடும். கண்ணாடிக்குள் போகும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கலாம், துப்பாக்கியில் ஒரு பிசகும் இல்லை, எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கிறது, அப்படியானால் கவனக்குறைவு யாருடையது என்று அட்டை சொல்லிவிடும். கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிடைக்கலம்மா என்று சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். அப்போதும் அட்டை அப்படியேதான் இருக்கும். இரண்டு வழியிலும் அட்டை அப்படியேதான் இருக்கிறது. அதை அவர் திரும்பத் திரும்ப யோசித்தார், மூன்றாவதாக ஒரு வழி பக்கத்திலேயே நிற்பது தெரியாதவர்போல.

செங்கோடன் வந்தபோது மூன்றடிக்கப் பத்து நிமிஷம். வாசலில் செருப்பை விட்டு, விட்ட செருப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்து, முறுக்குப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது, கறுப்புக் கண்ணாடி. மகுடேஸ்வரி பெஞ்சைத் தூசி தட்டிப் போட்டாள். “அய்யா, இவுரு காலைலிருந்து டிரம்முக்குள்ள எல்லாம் கையை உட்டுத் தேடறாருங்க.” “அவரு அப்படித்தான் கண்ணு. ஒரு திருகாணி காணாமப் போனாலும் சோறு இறங்காது அவருக்கு.” அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்கு அளவு எடுக்க வந்த ஆசாரியோடு வராந்தாவுக்குப் போனாள். செங்கோடன் பெஞ்சில் உட்கார்ந்தான். பொன்னுலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தொடலாமா என்று கேட்டான். தொடு என்றார். மடியில் வாங்கிக்கொண்டான். “எதுங்ணா இதோட போல்ட்?” பொன்னுலிங்கம் கையிலிருந்ததைக் கொடுத்தார். செங்கோடன் பழையதை உருவி எடுத்துவிட்டு இதைச் செருகி, முன்னால் தள்ளிக் கீழே மடக்கினான். டக். “என்னமா உக்காருது பாத்தீங்களா. அன்னைக்கும் இப்படி முழுசா அடைச்சிருந்தா…” என்று சொல்லி, வழக்கம்போல் சிரிக்கத் தொடங்கினான்.

“நீ முழுசாத்தான் அடைச்சே” என்றார் பொன்னுலிங்கம். குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. “அட, உடுங்ணா.” “இல்ல. கேளு. அன்னைக்கு அதுல இருந்தது இது இல்ல. இப்ப நீ உருவி வெச்சியே, அது. வேற துப்பாக்கியோடது. மாத்திப் போட்டவன் நான். மாசிலாமணி அன்னைக்கு ஊருல இல்ல, நானே கேட்டு நானே சொன்னேன், பாக்காம சொன்னேன். உன் கையில ஒரு தப்பும் இல்ல.” மைதானத்தில் விசில் ஊதியது. செங்கோடன் பழைய போல்ட்டை எடுத்து, அரத்தால் தேய்த்த இடத்தைக் கட்டை விரலால் தடவினான். நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “இது?” “நான்தான் இழுத்தேன்.” “எப்பத் தெரியும்ங்ணா உங்களுக்கு?” “தட்டித் திறந்தப்பவே. உன்னை ஜீப்புல ஏத்திட்டிருந்தாங்க.” செங்கோடன் கணக்குப் போடுவதுபோல் உதட்டை அசைத்தான். அப்புறம் அசைக்கவில்லை. வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தான், புறங்கையைத் திருப்பிப் பார்த்தான். “பேத்திக்கு இப்பப் பதினோரு வயசுங்ணா” என்றான். 

மகுடேஸ்வரி எட்டிப் பார்த்து, “அட்டை அச்சுக்குப் போகணுங்கய்யா, எதாச்சும் மாத்தணுங்களா?” என்றாள். “மாத்தணும்மா” என்றார் பொன்னுலிங்கம். “சரிங்க, நீங்களே எழுதி வெச்சிருங்க, ஆசாரி எங்கூட மல்லுக்கு நிக்கறாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேனா சட்டைப் பையில் இருந்தது. பயன்படுத்தியவரின் கவனக்குறைவால் போல்ட் முழுமையாக அடைக்கப்படாமல் என்பதை அடித்தார். மேலே, நம்பர் பார்க்காமல் வேறு போல்ட்டைப் பூட்டிய ஆர்மரர் சு. பொன்னுலிங்கத்தின் தவறால், என்று எழுதினார். எண்ணெய்க் கையில் பேனா வழுக்கியது, எழுத்து சரிந்தது, ஆனாலும் படிக்கலாம். மேசையின் நடுவில் அதன்மேல் பித்தளை வில்லையைப் பாரமாக வைத்துவிட்டுத் திரும்பினார். செங்கோடன் அப்படியே முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தான். பேசுகிற ஆளைப் பார்க்க அவன் கழுத்தை முழுக்கத் திருப்பவேண்டும், எப்போதும் திருப்புவான், இப்போது திருப்பவில்லை. ஸ்டூல் அவனுடைய வலப்பக்கம் கிடந்தது. கல்யாணப் பந்தியிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அந்தப் பக்கம்தான் பொன்னுலிங்கம் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறார், அவன் பார்வை எட்டாத பக்கம். அதைத் தான் தெரிந்து செய்ததில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டூலைத் தரையில் இழுக்காமல் தூக்கினார். பெஞ்சுக்குப் பின்னால் சுற்றி வந்து, இடப்பக்கம் போட்டு, உட்கார்ந்தார்.